ஆட்டுக்கல்லை ஸ்டூல் மேல் வைப்பீர்களா?

போன முறை ரசத்துக்குப் பருப்புத் தண்ணி சேர்க்கலாமா கூடாதா என்று எழுதப்போய் இரண்டு ரூம்மேட்டுகளின் நட்பை இழந்தேன். இந்த முறை மரவேலை. அதுவும் துப்பாக்கித் தோட்டா சம்பந்தப்பட்ட மரவேலை. தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்பு என்று உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். ஆட்டுக்கல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

நான் படிப்பது விஸ்கான்சினில், மெக்கானிக்கல் எம்.எஸ். குடியிருப்பது எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தாவின் வீட்டு மாடியில். இந்த ஊரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்கும், ஒன்பது நாள் நடக்கும். அந்த நாட்களில் லேபில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். நம்ம ஊரில் பொங்கலுக்குப் பஸ் ஏறுகிற மாதிரி இவர்கள் காட்டுக்கு வண்டி ஏறுவார்கள். தாத்தாவும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், அவர் தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். வீட்டு பேஸ்மென்டில் தானே செய்துகொள்வார்.

"தோட்டாவை வீட்டில் செய்வதா!" என்று அலற வேண்டாம். இங்கே இது தாத்தாக்களின் பொழுதுபோக்கு. ஒரு தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர் என்கிற சின்ன கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். நாலில் விலை கூடியதே பெரும்பாலும் அதுதான். அதைத் தூக்கிப் போடாமல் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அமுக்கி, புது கேப்பு வைத்து, மருந்து அளந்து ஊற்றி, புதுக் குண்டை அழுத்தி உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. இதற்குப் பெயர் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அமெரிக்காவில் மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் வேண்டும். காசு மிச்சம் என்று சிலர் செய்கிறார்கள், தன் துப்பாக்கிக்குத் தோதாகச் செய்துகொள்ளலாம் என்று சிலர். நல்லதா கெட்டதா என்ற விவாதம் இன்றைக்கு வேண்டாம். செய்கிறவர்கள் செய்யத்தான் போகிறார்கள். என் சண்டை அவர்கள் அதை எதன் மேல் வைத்துச் செய்கிறார்கள் என்பதோடுதான்.

இந்த வேலைக்கு மையமான கருவி பிரஸ். வார்ப்பிரும்பில் செய்த ஒரு சட்டம், அதில் ஒரு நீண்ட கைப்பிடி. கைப்பிடியைக் கீழே இழுத்தால் கூடு மேலே போய் ஒரு டையின் உள்ளே நுழையும். மேலே தூக்கினால் கூடு கழன்று இறங்கும். பம்புசெட் வருவதற்கு முந்தின அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943-ல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் ராக் சக்கர் பிரஸ் இங்கே ரொம்பப் பிரபலம். அப்பா வாங்கியதைப் பிள்ளை உபயோகிப்பான், அவ்வளவு உறுதி. தாத்தாவிடமும் அதுதான் இருக்கிறது. அதோடு நல்ல தராசு, நல்ல டைகள், வெர்னியர், எல்லாம் முதல் தரம்.

அத்தனையையும் வைத்திருந்தது எதன் மேல்? ஏதோ ஒரு கடையில் பெட்டியோடு வாங்கிவந்து வீட்டில் பூட்டிக்கொள்கிற, மரத்தூள் அமுக்கிய பலகை போட்ட ஒரு மேசையின் மேல். யானை வாங்கக் காசு இருந்தவருக்கு அங்குசம் வாங்க மனசு வரவில்லை.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் துணி துவைக்க பேஸ்மென்டுக்குப் போயிருந்தேன். தாத்தா கூடுகளை அமுக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் கூட்டில் மெல்லிசாக ஒரு மசகு தடவ வேண்டும். ஒன்றில் தடவ மறந்துவிட்டார். மறந்தால் கூடு டையில் சிக்கிக்கொண்டு வரவே வராது. இவர் என்ன செய்தார்? இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடு மேலே தூக்கினார். கூடு வரவில்லை. மேசை வந்தது! முன்னங்கால் இரண்டும் ஒரு அங்குலம் எழும்பி, படாரென்று தரையில் விழுந்தது.

மேசையின் மறுகோடியில் ஐம்பது குழி உள்ள ஒரு மரக்கட்டை. அதில் மருந்து ஊற்றி, குண்டு இன்னும் வைக்காத கூடுகள். பக்கத்தில் தராசு. அதன் பக்கத்தில் ஒரு தட்டில் நூறு பிரைமர். தராசு கவிழ்ந்தது. கட்டை சாய்ந்தது. பிரைமர் தட்டு தரையில் விழுந்து, எல்லாம் உருண்டு ஓடின. இந்த ஊர் பேஸ்மென்டுகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையை நடுவில் உள்ள சாக்கடை வாயை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள். நூறில் எத்தனை அதற்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

குனிந்து பொறுக்கப் போனவனுக்கு சட்டென்று என் விசா ஞாபகம் வந்தது. என்னைப் போல மாணவர் விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க இங்கே மத்திய சட்டம் இடம் தருவதில்லை. பிரைமரும் மருந்தும்கூட சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். ஆகவே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் டார்ச் மட்டும் அடித்தேன். எழுபது வயது மனிதர் முழங்காலில் தவழ்ந்து பொறுக்கினார். எனக்கே வெட்கமாக இருந்தது.

அது சிரிப்பு. அடுத்தது சிரிப்பில்லை. சாய்ந்த கட்டையை நிமிர்த்திவிட்டு, "பாதிக்கு மேல் கொட்டவே இல்லை, கொட்டினதுல மட்டும் மறுபடி ஊத்திட்டாப் போதும்" என்றார். எதில் கொட்டியது, எதில் பாதி கொட்டியது, எதில் பக்கத்துக் கூட்டின் மருந்தும் சேர்ந்து விழுந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். கடைசியில் ஐம்பதையும் கொட்டித் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே மாடிக்கு வந்து கதவைத் தட்டி, "நீ இன்ஜினியர்தானே, என்ன தப்புன்னு சொல்லு" என்றார். கீழே போய் முதலில் அந்த மேசையை நிறுத்துப் பார்த்தோம். பிரஸ்ஸோடு சேர்த்து 36 கிலோ. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 56 சென்டிமீட்டர். கைப்பிடியின் நுனி முன்காலிலிருந்து 38 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ பிசிக்ஸ் படித்த யாரும் மீதியைப் போட்டுவிடலாம். எடை நடுவில் இருப்பதாகச் சுமாராக வைத்துக்கொண்டால், பின்காலைச் சுற்றி மேசையை அமுக்கிப் பிடிப்பது 36 தடவை 28, அதாவது 1008. கையால் தூக்குகிற விசை பின்காலிலிருந்து 94 சென்டிமீட்டர் தள்ளி வேலை செய்கிறது. 1008-ஐ 94-ஆல் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட 11 கிலோ!

பதினோரு கிலோ. ஒரு தண்ணீர்க் குடத்தைவிடக் கம்மி. சிக்கிய கூட்டோடு மல்லுக்கட்டுகிறவர் அதைப்போல இரண்டு மடங்கு சாதாரணமாகத் தூக்குவார். மேசை எழும்பியதில் ஆச்சரியமே இல்லை, இத்தனை வருஷம் எழும்பாமல் இருந்ததுதான் ஆச்சரியம். கீழே இழுக்கும்போது மேசையை முன்னால் கவிழ்க்க சுமார் 26 கிலோ போதும். ரைபிள் கூட்டை அமுக்கும்போது உடம்பு எடையைக் கைப்பிடியில் சாய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

இப்போது ஆட்டுக்கல்லுக்கு வருவோம். என் பாட்டி வீட்டு ஆட்டுக்கல் பாதி தரையில் புதைந்திருக்கும். அம்மியும் அப்படித்தான், அசைக்க நாலு பேர் வேண்டும். ஒரு நாளாவது அதை யாராவது ஸ்டூல் மேல் வைத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார்களா? பாட்டிக்கு டார்க் தெரியாது. ஆனால் அரைக்கிற விசை எங்கே போய் முடிகிறது என்று தெரியும். அது தரையில் முடியவேண்டும். நடுவில் ஆடுகிற பொருள் ஒன்று இருந்தால் உழைப்பில் பாதி அதை ஆட்டுவதற்கே போகும். பிரஸ்ஸும் ஆட்டுக்கல் மாதிரிதான். மேசையும் அந்தக் கருவியின் ஒரு பாகம். வெறும் பொருள் வைக்கிற இடம் இல்லை. இதைத்தான் இந்த ஊர்க்காரர்கள் பலரும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். எந்த பிரஸ் நல்லது, சிவப்பா பச்சையா நீலமா என்று விடிய விடிய சண்டை போடுவார்கள் (ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம், நம்ம ஊர் ரசிகர் மன்றங்கள் தோற்றது). மேசை என்று கேட்டால் "ஏதோ கராஜில் கிடந்தது" என்பார்கள்.

"சும்மா கொஞ்சம் ஆடினால் என்ன, தோட்டா ஆகாதா?" ஆகும். பிரச்சினை ஆகாததில் இல்லை, எப்படி ஆயிற்று என்று தெரியாமல் போவதில் இருக்கிறது. மூன்றே விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கை உணர்வு. பிரைமரை அதன் குழியில் அழுத்தும்போது அது அடியில் போய் முட்டுவதைக் கை உணரவேண்டும். முழுதாக உட்காராமல் துருத்திக்கொண்டிருந்தால், சுடும்போது வெடிக்காமல் போகலாம். சில துப்பாக்கிகளில் வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கலாம். அந்த முட்டுகிற உணர்வு மிகச் சின்னது. மேசை அரை அங்குலம் வளைந்து கொடுத்தால் அந்த வளைவு அதை விழுங்கிவிடும். கூடு அமுங்கும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் "மசகு போடலையே" என்று கை முதலிலேயே எச்சரிக்கும். ஆடுகிற மேசையில் எல்லாக் கூடும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாத்தா மறந்தது தடவ மட்டுமில்லை, மறந்ததை அவர் கை சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனது.

இரண்டு, அளவு. மருந்தை கிரெயின் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். தராசில் பார்ப்பது பத்தில் ஒரு கிரெயின் வரை, அதாவது ஆறரை மில்லிகிராம். நகைக்கடைக்காரர் ஆடுகிற மேசையில் தங்கம் நிறுப்பாரா? நீங்கள்தான் விடுவீர்களா? மருந்து ஊற்றுகிற அளவி வேறு நிறுத்து அளப்பதில்லை, படியில் அரிசி அளக்கிற மாதிரி கொள்ளளவால் அளக்கிறது. படியைத் தட்டினால் அரிசி இறங்கிக் கூடுதலாகப் பிடிக்கும் என்று மளிகைக்கடைக்காரருக்குத் தெரியும். மேசை ஒவ்வொரு இழுப்பிலும் அதிர்ந்தால் அளவிக்குள் இருக்கும் மருந்தும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இறங்கும்.

மூன்று, கவனம். இந்த வேலையில் பெரிய ஆபத்து இரண்டு. ஒன்று, ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து ஊற்றிவிடுவது. இன்னொன்று, மருந்தே ஊற்றாமல் விடுவது. .38 ஸ்பெஷல் என்று ஒரு தோட்டா. அதன் கூடு கருமருந்துக் காலத்து அளவில் 1898 வாக்கில் வந்தது, உள்ளே இடம் அதிகம். இன்றைய மருந்து கொஞ்சமே போதும் என்பதால் இரண்டு பங்கு ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் துப்பாக்கி சிதறலாம். மருந்தே இல்லாவிட்டால் பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளி குழாயின் நடுவில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அதே கதி. இதைத் தடுக்க ஒரே வழி, எங்கேயும் தடைபடாமல் வரிசையாக ஒரே தாளத்தில் செய்வது, விளக்கடியில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது. மேசை ஆடி ஒரு சாமான் உருண்டு அதைப் பிடிக்கத் திரும்பினீர்கள் என்றால் தாளம் போச்சு. "எதுவரைக்கும் ஊத்தினேன்?" என்ற கேள்வி வந்துவிட்டது. அந்தக் கேள்வி வரவே கூடாது.

இனி எதிர்த்தரப்பு. இங்கே வேட்டைக்காரச் சிநேகிதர்களிடம் சொன்னபோது வந்த பதில்கள்தான் இவை.

"நாற்பது வருஷமா இப்படித்தான் செய்றேன், ஒண்ணும் ஆகலை." இதை முதலில் சொன்னது தாத்தாவேதான். ஹெல்மெட் போடாத மாமாக்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றும் ஆகாதது அவர் மேசையின் சாமர்த்தியம் இல்லை, அவர் சாமர்த்தியம். எழுபது வயதில் அந்தச் சாமர்த்தியம் ஒரு நாள் மசகு தடவ மறக்கும். அன்றைக்குத் தாங்கிப் பிடிக்கத்தான் மேசை.

"வேலை தெரிஞ்சவனுக்கு மேசை எதுக்கு?" நம்ம பாஷையில், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். சரி, நல்ல பழமொழி. ஆனால் இங்கே ஆடுவது கூடமே!

"நான் சின்னக் கைத்துப்பாக்கித் தோட்டாதான் செய்றேன், அவ்வளவு பலம் வேண்டாம்." பாதி நியாயம். கார்பைடு டையில் சின்னக் கூடு லேசாகப் போகும். ஆனால் மேலே சொன்ன மூன்றில் பலம் சம்பந்தப்பட்டது எத்தனை? தராசும் அளவியும் கவனமும் பலத்தைப் பார்ப்பதில்லை. இரட்டை மருந்து ஆபத்து சின்னத் தோட்டாவில்தான் இன்னும் அதிகம்.

"அபார்ட்மென்டில் இருக்கிறேன், பெரிய பெஞ்சுக்கு இடம் ஏது?" இது முழு நியாயம். இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு ஊரில் இருக்கும் லீ கம்பெனி, பிரஸ்ஸே இல்லாமல் சுத்தியலால் தட்டிச் செய்கிற ஒரு சின்னப் பெட்டியை ரொம்ப காலமாக விற்கிறது. கையில் பிடித்து அமுக்கும் பிரஸ்ஸும் உண்டு. இடம் இல்லாதவர் அதற்கேற்ற கருவியை எடுப்பது புத்திசாலித்தனம். இடம் இருந்தும் வார்ப்பிரும்பு பிரஸ்ஸை டீப்பாயில் பூட்டுவதுதான் அசட்டுத்தனம்.

கடைசியாக ஒரு கட்சி, எனக்குப் பிடித்த எதிரிகள்: அளவுக்கு மீறிக் கட்டுகிறவர்கள். மூன்றங்குல மேப்பிள் பலகை, வார்னிஷ், பித்தளைக் கைப்பிடி வைத்த இழுப்பறைகள். கல்யாண மண்டப மேடை மாதிரி இருக்கும். அதிலும் பின்னால் குறுக்குத்தாங்கி இல்லாமல் ஆடுவதை நானே பார்த்தேன். எடையும் உறுதியும் ஒன்றில்லை. நாலு காலும் ஒரு பலகையும் வெறும் ஸ்க்ரூவால் சேர்ந்திருந்தால் அது இணைகரம், எவ்வளவு கனமாக இருந்தாலும் பக்கவாட்டில் சாயும். குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் முக்கோணம். முக்கோணம் சாயாது. அதற்கு மேப்பிள் வேண்டாம், மூளை போதும்.

சரி, குறை சொன்னது போதும். நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு சனிக்கிழமை, ஒரு வாளை, ஒரு டிரில். மரம் மட்டும்தான் என் பொறுப்பு. கண்ட்ரோல் பண்ணிக்கொண்டு சுருக்கமாகச் சொல்கிறேன்.

கால் நாலும் 4x4 சட்டம் (இங்கே மரக்கடையில் 4x4 என்றால் இழைத்தபின் உண்மையில் மூன்றரை அங்குலம்தான், 2x4 என்றால் ஒன்றரைக்கு மூன்றரை, முதல் தடவை நான் ஏமாந்தேன்). குறுக்குச் சட்டம் எல்லாம் 2x4, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. மூட்டுகளில் ஊடுருவிப் போகும் போல்ட், வாஷர், நட்டு. நாளைக்குத் தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். முதுகில் அரை அங்குல பிளைவுட் ஒரு முழுத் தகடாக அடித்தோம். சாய்கிற ஆட்டம் அந்த நிமிடமே நின்றது.

மேற்பலகைக்கு முக்கால் அங்குல பிளைவுட், எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று. நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஆறடிக்கு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக மரப்பசை போட்டு ஒட்டினோம். இந்தப் பசைதான் முக்கியம். சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. ஒட்டி ஒரே பலகையாக்கினால் எட்டு மடங்கு, ஏனென்றால் விறைப்பு கனத்தின் முப்படியில் ஏறும். ஒரு டப்பா பசையில் நாலு மடங்கு லாபம், எந்த பிசினஸில் கிடைக்கும்? மிஞ்சின இரண்டு துண்டும் கீழ்த்தட்டுக்கு ஆயிற்று. அதில் 50 பவுண்டு மணல் மூட்டை இரண்டு. ஆட்டுக்கல்லுக்கு மரியாதை :-)

பிரஸ்ஸை நடுவில் வைக்காமல் ஒரு காலுக்கு நேர் மேலே வைத்தோம். நடுப்பலகை வளையும், கால் வளையாது. ஓரம் வெளியே நீட்டுவதும் குறைவாக இருக்கவேண்டும், நீட்டல் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஆனால் பிரஸ்ஸின் இணைப்புத் தண்டு மேசை விளிம்புக்கு முன்னால் கீழே இறங்கி வரும், போல்டுக்கும் அடியில் இடம் வேண்டும். முன்பக்கச் சட்டத்தை அடித்து முடித்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. கழற்றி உள்ளே தள்ளி அடித்தோம். ஆகவே முதலில் பிரஸ்ஸை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆணி எடுங்கள். போல்டுக்கு அடியில் பெரிய வாஷர் அல்லது இரும்புத் தகடு போடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் நட்டு மரத்தைத் தின்றுவிடும்.

உயரம், தாத்தா நின்றபடி கைப்பிடியை அடிவரை இழுத்தாலும் குனியாத அளவு. தரை சரிவாக இருந்ததால் ரசமட்டம் வைத்துப் பார்த்து இரண்டு காலுக்கு ஆப்பு வைத்தோம். கடைசியாக, பின் விளிம்பை கான்கிரீட் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். இனி எழும்ப வேண்டுமென்றால் வீடும் கூடவே எழும்பவேண்டும். தராசுக்கு மட்டும் சுவரில் தனித் தட்டு, கண் உயரத்தில். பிரஸ் என்ன குதி குதித்தாலும் முள் அசையாது.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். பழைய மேசை வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே எப்போதும் எரியும் சின்னத் தீ. பக்கத்தில் மருந்து! எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். மேற்பலகைக்கு ஈரத்துணியால் துடைக்கிற மாதிரி வழவழப்பான பூச்சு, ஏனென்றால் பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் இருக்கிறது, கூடு சுத்தம் செய்யும் தூசியிலும் இருக்கும். அங்கே காபி கோப்பை வைக்கக் கூடாது, எழுந்தால் கை கழுவ வேண்டும். தாத்தா காபிக்கு மட்டும் ஒரு வாரம் சண்டை போட்டார்.

இன்னொன்று எனக்கே புதுசு. மருந்தை கனமான இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன். தப்பு. இந்த மருந்து திறந்த வெளியில் எரியத்தான் செய்யும், இறுக்கி அடைத்தால்தான் குண்டு. அதனால்தான் இங்குள்ள தீயணைப்பு விதித் தொகுப்பு (என்.எஃப்.பி.ஏ. 495) வீட்டில் 20 பவுண்டுக்கு மேல், 50 வரை வைப்பதானால் ஒரு அங்குல மரப் பெட்டியில் வைக்கச் சொல்கிறது. 20 வரை அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கலாம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான் இருக்கவேண்டும், இரண்டு இருந்தால் ஒருநாள் மாறும்.

மொத்தச் செலவு பிரஸ்ஸின் விலையில் பாதிகூட வரவில்லை. இதுதான் என் கோபமே. அதிகச் செலவாகும் என்பதற்காக யாராவது தள்ளிப்போட்டால் புரிந்துகொள்வேன். கருவிக்குத் தயங்காமல் செலவழித்தவர்கள் தாங்குகிற மரத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏன்? பிரஸ்ஸை நண்பர்களிடம் காட்டலாம். மேசையை யாரும் பாராட்டுவதில்லை, அவ்வளவுதான். அஸ்திவாரத்துக்கு யார் போட்டோ எடுக்கிறார்கள்?

நவம்பருக்கு முன்னால் தாத்தா மறுபடியும் உட்கார்ந்தார். நான் துணிக் கூடையோடு ஓரமாக நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு கூடு அமுக்கியவர், ஒன்றில் பாதியில் நிறுத்தினார். கைப்பிடியை மெதுவாகப் பின்னால் விட்டு, கூட்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மசகு போடவில்லை.

"கை சொல்லிடுச்சு" என்றார்.

எனக்கு அது போதும்.

டிஸ்கி: நம்ம ஊர் மக்களே, இதைப் படித்துவிட்டு எதையாவது முயற்சி செய்யக் கிளம்பாதீர்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். மேசை செய்வது எந்த நாட்டிலும் குற்றமில்லை. அதைச் செய்யுங்கள். ஹாஸ்டலில் ஆடுகிற ஸ்டடி டேபிளுக்குக் கீழே நாலாய் மடித்த பேப்பர் வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம்.